பூக்களும் கோலங்களும் ஒளியாகும் கலை: கல் சாளரம் முதல் கணினி வரை

இருண்ட அறையின் நடுவே தொங்கும் ஒரு பெட்டி, அதனுள் ஒரே ஒரு விளக்கு. பெட்டியின் பக்கங்களில் வெட்டப்பட்ட பூங்கொடிகளும் நட்சத்திரக் கட்டங்களும் சுவர், தரை, கூரை என எங்கும் நிழலாக விரிகின்றன. உள்ளே வருபவரின் முகத்திலும் உடையிலும் அதே கொடிகள் படர்கின்றன. ஒளி நிறுவல் கலை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் கலை வடிவத்தின் எளிய எடுத்துக்காட்டு இது.

மலர்களும் வடிவியல் கோலங்களும் இந்தக் கலையில் மிக அதிகமாகக் கையாளப்படும் கருப்பொருள்கள். டோக்கியோவில் கணினி வரையும் பூக்கள் பார்வையாளரின் காலடியில் உதிர்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் பட்டுத் துணி விளக்குகள் மலர்களைப் போல் விரிந்து மூடுகின்றன. மேற்கு வங்கத்தின் சந்தன்நகரில் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகள் தெருக்களில் பூக்களாக மலர்கின்றன. இந்தக் கலை எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகிறது, எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது குறித்த விவரங்கள் வருமாறு:

நிறுவல் கலை என்பது என்ன?

ஓவியத்தையோ சிலையையோ பார்வையாளர் எதிரில் நின்று காண்கிறார். நிறுவல் கலையில் அவர் படைப்புக்குள்ளேயே நுழைகிறார். அறை, வெளிச்சம், ஒலி, அங்கு நடமாடும் மனிதர்கள் ஆகிய அனைத்தும் படைப்பின் பகுதிகளாகின்றன. இதில் ஒளியையே முதன்மைப் பொருளாகக் கொள்வது ஒளி நிறுவல். கணினி, உணரிகள், புரொஜெக்டர்கள் ஆகியவற்றின் துணையுடன் அமைக்கப்படுவது டிஜிட்டல் நிறுவல்.

இவற்றில் மலர்களும் கட்டங்களும் அடிக்கடி இடம்பெறுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. சமச்சீர் வடிவத்தின் சிறு பகுதியைக் கண்டாலே எஞ்சிய பகுதியை மனித மூளை ஊகித்துக்கொள்கிறது. அதனால் நிழல் மங்கினாலும், மடிந்த சுவரில் வளைந்து விழுந்தாலும், வடிவம் கண்ணுக்குப் புலப்படுகிறது. மேலும், மொழியோ கதையோ தெரியாதவருக்கும் மலர் மலராகவே தெரிகிறது.

கல்லில் தொடங்கிய ஒளி

வெளிச்சத்தைக் கொண்டு கோலமிடும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. கல்லில் துளையிட்டு அமைக்கப்படும் சாளரங்கள் தென்னகக் கோயில்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுள்ளன. கர்நாடகத்தின் பேலூர் சென்னகேசவர் கோயில் மண்டபத்தில் விண்மீன் வடிவத் துளைகளும் செடிகொடிகளும் புராணக் காட்சிகளும் செதுக்கப்பட்ட கல் திரைகளைக் காணலாம்.

சுல்தான்கள், முகலாயர்கள் காலத்தில் ‘ஜாலி’ எனப்படும் இத்திரைகள் புதிய உயரத்தை எட்டின. குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில், 1573-ல் கட்டி முடிக்கப்பட்ட அகமதாபாதின் சீதி சையது மசூதியில், ஒன்றோடொன்று பின்னிய கிளைகளைக் கொண்ட மரம் கல்லில் குடையப்பட்டுள்ளது. அந்நகரின் அடையாளமாகவே மாறிவிட்ட அந்தச் சாளரம், அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் சின்னத்துக்கும் தூண்டுதலாக அமைந்தது. ஃபதேபூர் சிக்ரியில் உள்ள சூஃபி ஞானி சலீம் சிஷ்டியின் சமாதியில் சலவைக்கல் திரைகள் நுண்ணிய வடிவியல் கட்டங்களால் ஆனவை. வேண்டுதலுடன் வருவோர் இன்றும் அத்திரைகளில் நூல் கட்டிச் செல்கின்றனர்.

இத்திரைகளின் முதல் பணி பயன்பாடு சார்ந்தது. கடும் வெயிலை அவை தடுக்கின்றன. காற்றை உள்ளே விடுகின்றன. கண்ணைக் கூசச் செய்யாத வெளிச்சத்தைத் தருகின்றன. அதே சமயம், சூரியன் நகர நகரத் தரையில் விழும் ஒளிக் கோலமும் நகர்கிறது. காலையில் நீண்டும் நண்பகலில் சுருங்கியும் காணப்படும் அக்கோலத்தை இயக்க மின்சாரமோ கணினியோ தேவைப்படவில்லை.

மறைத்த திரையும் விரிந்த நிழலும்

கல் திரைக்கு மற்றொரு பணியும் இருந்தது. வெளிச்சம் மிகுந்த வெளிப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கு இருண்ட உட்புறம் தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பவை தெரியும். 1799-ல் மன்னர் சவாய் பிரதாப் சிங் ஜெய்ப்பூரில் எழுப்பிய ஹவா மஹாலின் 953 சிறு சாளரங்கள் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அரச குடும்பப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் தெருவையும் ஊர்வலங்களையும் காண அவை வழிசெய்தன. அழகிய கோலம் ஒன்று, யார் எங்கே இருக்கலாம் என்பதை வரையறுக்கும் எல்லைக் கோடாகவும் விளங்கியது.

இந்த எல்லையையே தனது படைப்பின் பொருளாக்கியவர் லாகூரில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர் அனிலா கய்யூம் ஆகா. அவரது இளமைக் காலத்தில் லாகூரில் பெண்கள் மசூதிக்குச் செல்லாமல் வீட்டிலேயே தொழுவது வழக்கமாக இருந்தது. பின்னாளில் ஸ்பெயினின் கிரானடா நகரில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையைக் கண்டபோது, அதன் வடிவியல் அலங்காரங்கள் அவருக்கு வியப்பையும், தாம் விலக்கப்பட்ட இடங்களின் நினைவையும் ஒருசேர எழுப்பின. அந்த அனுபவத்திலிருந்து 2013-ல் ‘இன்டர்செக்‌ஷன்ஸ்’ என்ற நிறுவல் உருவானது.

ஒவ்வொரு பக்கமும் சுமார் ஆறரை அடி கொண்ட மரக் கனசதுரம் அது. லேசர் கதிரால் அதில் பூவேலையும் கட்டங்களும் வெட்டப்பட்டன. நடுவில் ஒரே விளக்கு. 2014-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் நடைபெற்ற ‘ஆர்ட்பிரைஸ்’ போட்டியில் பொதுமக்கள் வாக்கெடுப்பின் முதல் பரிசையும், நடுவர் குழுவின் முதல் பரிசில் பங்கையும் இப்படைப்பு வென்றது. மக்களும் நடுவர்களும் ஒரே படைப்பைத் தேர்ந்தெடுத்தது அப்போட்டியின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

இப்படைப்பின் பொருள் அதன் இயக்கத்திலேயே அடங்கியுள்ளது. திரை ஒருவரை மறைத்து மற்றவரைப் பிரிக்கிறது. ஆகாவின் பெட்டியோ, அறைக்குள் வரும் ஒவ்வொருவர் மீதும் ஒரே கோலத்தைப் பதிக்கிறது. ஆண், பெண், குழந்தை, முதியவர், எந்த மதத்தவர் என்ற வேறுபாட்டை நிழல் அறிவதில்லை.

இதன் பின்னால் உள்ள கணக்கும் எளியது. விளக்கிலிருந்து பலகை 3 அடி தொலைவிலும் சுவர் 15 அடி தொலைவிலும் இருந்தால், பலகையில் உள்ள பூ சுவரில் 5 மடங்கு பெரிதாக விழும். விளக்கின் ஒளிரும் பகுதி சிறிதாக இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பெரிதாக இருந்தால் விளிம்பு கரைந்துவிடும். ஆகவேதான் இத்தகைய நிறுவல்களில் பல விளக்குகளுக்கு மாறாக ஒரே ஒரு சிறு விளக்கு பயன்படுத்தப்படுகிறது.

மலரின் கணக்கு

பூக்களையும் வடிவியலையும் கலைஞர்கள் இணைத்துப் பார்ப்பது தற்செயல் அன்று. சூரியகாந்திப் பூவின் நடுவில் விதைகள் இரு திசைகளிலும் சுருள் சுருளாக அமைந்துள்ளன. அச்சுருள்களை எண்ணினால் பெரும்பாலும் 34, 55, 89 போன்ற ஃபிபனாச்சி எண்களே கிடைக்கின்றன. ஒவ்வொரு புதிய விதையும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை திரும்பி அமைவதே இதற்குக் காரணம். இந்த அமைப்பை எளிய சூத்திரமாக ஹெல்முட் வோகல் 1979-ல் வெளியிட்டார். கணினி நிரலில் சில வரிகளில் அச்சூத்திரத்தை எழுதி, அது காட்டும் புள்ளிகளில் எல்இடி விளக்குகளைப் பொருத்தினால், ஒளிரும் சூரியகாந்தி ஒன்று கிடைத்துவிடும்.

தரையிலும் சுவரிலும் இடைவெளியின்றிப் பரவும் கோலங்களுக்கும் விதிகள் உண்டு. ஒரு வடிவத்தை இரு திசைகளில் திரும்பத் திரும்ப அடுக்கி உருவாகும் கோலங்கள், சமச்சீர் அடிப்படையில் 17 வகைகளில் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதைக் கணிதம் நிறுவியுள்ளது. மூன்று, நான்கு, ஆறு மடங்குச் சுழற்சிகளை அவ்வாறு அடுக்கலாம். ஐந்து மடங்குச் சுழற்சியை அடுக்க இயலாது. ஆயினும் இயற்கையில் ஐந்து இதழ் மலர்கள் ஏராளம். இந்தச் சிக்கலை இஸ்லாமியக் கட்டடக் கைவினைஞர்கள் ஐந்து வகை ஓடுகளைக் கலந்து அடுக்கிச் சமாளித்தனர். ஈரானின் இஸ்பகான் நகரில் 1453-ல் கட்டப்பட்ட தர்ப்-இ இமாம் ஆலயத்தின் ஓட்டு வேலைகள், 20-ஆம் நூற்றாண்டுக் கணிதம் கண்டறிந்த சீரற்ற அடுக்கு முறையை மிகவும் நெருங்கியவை என்று பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் 2007-ல் ஆய்விதழில் சுட்டிக்காட்டினர்.

கோலத்தைக் கணினியின் மொழியில் எழுதும் முயற்சியில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. புள்ளிக் கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக வரையறுக்க முடியும் என்பதை சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். சிறு கோலத்தைப் பெரிய கோலமாக வளர்க்கும் விதி ஒன்றைக் கணினிக்குக் கொடுத்தால், எத்தனை வரிசைக்கும் அது கோலத்தை விரித்துத் தரும். இன்றைய டிஜிட்டல் நிறுவல்களின் அடிப்படையும் இத்தகைய விதிகளே.

சந்தன்நகரின் விளக்குத் தெருக்கள்

இந்தியாவில் ஒளிக் கலை பெருமளவில் தழைத்த இடம் அருங்காட்சியகம் அன்று. ஒரு சிறு நகரத்தின் தெரு. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ள சந்தன்நகர், புதுச்சேரி, காரைக்காலைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சந்திரநாகூர் என்று பழைய தமிழ் நூல்கள் குறிப்பிடும் ஊர் இதுவே. 1950-ல் இது இந்தியாவின் நிர்வாகத்தின் கீழ் வந்தது.

துர்கா பூஜைக்குச் சில வாரங்களுக்குப் பின்னர் இங்கு நடைபெறும் ஜகத்தாத்ரி பூஜையின்போது, தெருக்களின் இருபுறமும் உயர்ந்த சட்டங்களில் விளக்குப் பலகைகள் நிறுத்தப்படுகின்றன. விரியும் தாமரை, தோகை விரிக்கும் மயில், சுழலும் சக்கரம், அல்பனா எனப்படும் வங்கக் கோலம் எனப் பல வடிவங்கள் அவற்றில் ஒளிர்கின்றன. விழாவின் நிறைவில் விளக்கு அலங்காரங்களைச் சுமந்த வண்டிகள் தேவியின் திருவுருவங்களுடன் இரவு முழுவதும் ஊர்வலமாகச் செல்கின்றன.

இக்கலையை வளர்த்தவர்களில் முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஸ்ரீதர் தாஸ். மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வருவதற்கு முன்பு, விளக்குகள் ‘அசைய’ மர உருளையே பயன்பட்டது. உருளையின் மேல் உலோகத் தகடுகள் வேண்டிய இடங்களில் பதிக்கப்படும். மோட்டார் உருளையைச் சுழற்றும்போது, தகடுகள் மின் இணைப்புகளை வரிசையாகத் தொட்டு விலகும். அந்த வரிசைப்படி விளக்குகள் எரிந்து அணைய, மொட்டு மலராகும், பறவை சிறகடிக்கும். எந்தத் தகட்டை எங்கே பதிப்பது என்பதே கலைஞரின் திறன். கணினி நிரலின் வேலையை அங்கு மரமும் உலோகமும் செய்தன என்று கூறலாம்.

விரல் நுனி அளவிலான சிறு விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் வண்ணத்தாள் சுற்றி, பலகையில் வரையப்பட்ட கோட்டின் மீது ஒவ்வொன்றாகக் கோத்து இணைப்பது மாதக்கணக்கான உழைப்பைக் கோரியது. எல்இடி விளக்குகளின் வருகைக்குப் பின் இம்முறை மாறியது. வண்ணம் விளக்கிலேயே கிடைக்கிறது. மின் செலவு குறைந்தது. உருளைக்கு மாற்றாக மின்னணுச் சில்லுகள் வந்தன. கூடவே, ஆயத்தமாகச் சந்தையில் கிடைக்கும் விளக்குச் சரங்களுடன் போட்டியிட வேண்டிய நிலையும் கைவினைஞர்களுக்கு ஏற்பட்டது. வண்ணத்தாள் சுற்றுதல், உருளை செய்தல் போன்ற பணிகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. வடிவத்தை வரைவதும் அசைவைத் திட்டமிடுவதும் இன்றும் அவர்களின் கையிலேயே உள்ளன.

காட்சிக்கூடத்தில் வைக்கப்படும் நிறுவலின் அருகே கலைஞரின் பெயர் பொறிக்கப்படுகிறது. திருவிழாத் தெருவில் ஒளிரும் தாமரையின் அருகே பெரும்பாலும் விழாக் குழுவின் பெயரோ நன்கொடையாளரின் பெயரோ மட்டுமே காணப்படுகிறது. ஒரே வகைப் படைப்பு ஓரிடத்தில் கலை என்றும் மற்றோர் இடத்தில் அலங்காரம் என்றும் அழைக்கப்படுவதன் விளைவு இது.

கணினியில் பூக்கும் மலர்கள்

டிஜிட்டல் மலர்களை உலகப் புகழ்பெறச் செய்தது ஜப்பானின் டீம்லேப் குழு. தோஷியூகி இனோகோ உள்ளிட்டோர் 2001-ல் தொடங்கிய இக்குழுவில் கலைஞர்களுடன் நிரலாளர்கள், பொறியாளர்கள், கணித வல்லுநர்கள், கட்டடக் கலைஞர்கள் ஆகியோரும் இணைந்து பணியாற்றுகின்றனர். இக்குழு மோரி கட்டுமான நிறுவனத்துடன் சேர்ந்து 2018 ஜூனில் டோக்கியோவின் ஓடைபா பகுதியில் திறந்த டிஜிட்டல் கலை அருங்காட்சியகத்தை முதல் ஓராண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் பேர் பார்வையிட்டனர். 10,000 சதுர மீட்டர் பரப்பில் 520 கணினிகளும் 470 புரொஜெக்டர்களும் அங்கு இயங்கின. 2022-ல் மூடப்பட்ட அது, 2024 பிப்ரவரியில் அஸபுடை ஹில்ஸ் வளாகத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

அங்குள்ள மலர்க் காட்சிகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட காணொலிகள் அல்ல. விதிகளின் அடிப்படையில் கணினி அவற்றை அந்தந்த நொடியில் வரைகிறது. பார்வையாளர் அசையாமல் நின்றால் அவரைச் சுற்றிப் பூக்கள் பெருகுகின்றன. தொட்டாலோ மிதித்து நடந்தாலோ இதழ்கள் உதிர்கின்றன. உணரிகள் மனிதரின் இருப்பிடத்தை அறிந்து கணினிக்குத் தெரிவிப்பதால் இது இயல்கிறது. ஒருமுறை கண்ட காட்சி அதே வடிவில் மீண்டும் தோன்றுவதில்லை.

நெதர்லாந்தின் டிரிஃப்ட் கலையகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. லோன்னெகே கோர்டைன், ரால்ஃப் நவுதா ஆகிய இருவர் நடத்தும் இக்கலையகத்தின் ‘ஷைலைட்’ என்ற படைப்பு, இரவில் சில மலர்கள் இதழ்களை மூடிக்கொள்ளும் இயல்பைப் பின்பற்றுகிறது. அடுக்கடுக்கான பட்டுத் துணியாலான விளக்குகள் கூரையிலிருந்து இறங்கும்போது விரிகின்றன, மேலேறும்போது குவிகின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இவை இடம்பெற்றுள்ளன. இக்கலையகத்தின் ‘ஃப்ரஜைல் ஃபியூச்சர்’ படைப்பில், டேன்டேலியன் எனும் செடியின் உண்மையான விதைப்பஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கையால் எல்இடி விளக்குகளில் ஒட்டப்படுகின்றன.

அமெரிக்காவின் ‘ஹைபிகோஸோ’ குழு, பன்முக வடிவங்கொண்ட உலோகக் கூடுகளில் வடிவியல் கோலங்களை வெட்டி உள்ளிருந்து ஒளியூட்டுகிறது. செர்ஜ் போலியூ, யெலெனா ஃபிலிப்சுக் ஆகிய இருவர் உருவாக்கிய இச்சிற்பங்கள் 2014-ல் நெவாடா பாலைவனத்தில் நடைபெறும் ‘பர்னிங் மேன்’ விழாவில் முதன்முதலில் வைக்கப்பட்டன. பகலில் சிற்பமாகவும் இரவில் விளக்காகவும் விளங்குவது இவற்றின் தனித்தன்மை.

இயக்கும் கருவிகள்

இக்கலை பரவியதற்கு எல்இடி விளக்குகளே முதன்மைக் காரணம். சிவப்பு, பச்சை எல்இடிகள் முன்பே இருந்தபோதிலும், போதிய ஒளி தரும் நீல எல்இடி 1990-களின் தொடக்கத்திலேயே உருவானது. அதன் பின்னரே மூன்று வண்ணங்களையும் கலந்து வெள்ளை உள்ளிட்ட எந்த நிறத்தையும் பெற முடிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா ஆகியோருக்கு 2014-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விளக்குகளுக்குக் கட்டளையிட ‘டிஎம்எக்ஸ் 512’ என்ற நெறிமுறை பரவலாகப் பயன்படுகிறது. நாடக மேடைகளுக்காக 1986-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இம்முறையில், ஒரே கம்பி வழியாக 512 தனித்தனிக் கட்டளைகளை அனுப்பலாம். ஒரு வண்ண விளக்குக்கு மூன்று கட்டளைகள் தேவை என்பதால், ஒரு கம்பியில் 170 விளக்குகளை இயக்கலாம்.

எவ்வளவு காலம் நிலைக்கும்?

அகமதாபாதின் கல் மரம் 450 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. டிஜிட்டல் மலரின் ஆயுளோ அதை இயக்கும் கருவிகளின் ஆயுளைச் சார்ந்தது. விளக்கு பழுதானால் மாற்றலாம். அவ்வகை விளக்கின் உற்பத்தியே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அருங்காட்சியகங்கள் எதிர்கொள்ளும் சிக்கல்.

இதற்குத் தென் கொரியாவில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். காணொலிக் கலையின் முன்னோடியான நாம் ஜூன் பைக் 1988-ல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய கோபுரம், பழைய படக்குழாய்கள் பழுதடைந்ததால் 2018-ல் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுப் பணிக்குப் பின் 737 பெட்டிகள் சீரமைக்கப்பட்டன. எஞ்சிய 266 பெட்டிகளில் நவீனத் தட்டைத் திரைகள் பொருத்தப்பட்டன. 2022-ல் கோபுரம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. திரை மாறிய பிறகும் அது அதே படைப்புதானா என்ற விவாதம் அப்போது எழுந்தது.

இந்த அனுபவத்தின் அடிப்படையில், டிஜிட்டல் படைப்பை வாங்கும் நிறுவனங்கள் கருவிகளுடன் நிரலின் மூலப் பிரதி, மின் இணைப்பு வரைபடம், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற கலைஞரின் அறிவுறுத்தல் ஆகியவற்றையும் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. திருவிழா ஒளிக் கலைக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை. பூஜை முடிந்ததும் பலகைகள் பிரிக்கப்பட்டு, விளக்குகள் அடுத்த வடிவத்துக்குப் பயன்படுத்தப்படுகின்றன. உருளையில் தகடு பதிக்கும் நுட்பம் போன்ற அறிவு எழுத்தில் பதிவாகாவிட்டால், அதை அறிந்த தலைமுறையுடன் மறைந்துவிடும்.

இருளின் தேவை

ஒளிக் கலைக்கு மின்சாரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு இருளும் தேவை. வெளிச்சம் நிறைந்த நகரத்தில் நிழற்கோலம் தெரியாது. தோட்டங்களிலும் காடுகளை ஒட்டிய பகுதிகளிலும் இரவு முழுவதும் எரியும் விளக்குகள் பூச்சிகளை ஈர்த்து அவற்றின் இயல்பான நடமாட்டத்தைக் குலைக்கின்றன. மலர்களை மகரந்தச் சேர்க்கைக்கு உள்ளாக்கும் அந்துப்பூச்சிகளும் இவற்றில் அடங்கும். மலரைப் போற்றும் கலை மலருக்கே ஊறு விளைவிக்காமல் இருக்க, விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதும், ஒளி வானை நோக்கிச் சிதறாமல் மறைப்பு அமைப்பதும், நீலம் குறைந்த வெளிச்சத்தைத் தேர்வதும் பரிந்துரைக்கப்படும் வழிகள்.

கல் சாளரம், மர உருளை, கணினி நிரல் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தின் கருவிகள். ஒளி எங்கே புக வேண்டும், எங்கே தடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே மூன்றின் வேலையும். அத்தீர்மானத்தை எடுத்த கைவினைஞர்களில் பலரின் பெயர்கள் இன்று கிடைக்கவில்லை. இப்போது பணியாற்றுவோரின் பெயர்களையும் செய்முறைகளையும் பதிவு செய்வதற்கு அந்நிலை இல்லை; ஒலி-ஒளிப் பதிவுக் கருவிகள் எங்கும் கிடைக்கும் காலம் இது. சந்தன்நகரில் பலகைகள் அடுத்த ஆண்டும் ஒளிரும். அவற்றை வரைந்தவர் யார் என்பது அப்பலகைகளின் ஓரத்தில் எழுதப்படுமா என்பது விழாக் குழுக்களின் கையில் உள்ளது.